வட்டுக்குப் பெயர் எழுதியது யார்?



உங்கள் சமையலறைத் தட்டில் வரிசையாக நிற்கும் டின்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். பால்மா டின்னில் சீரகம் இருக்கும். பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். வெளியே ஒட்டியிருக்கும் பெயரை நம்பி உள்ளே கை விடுபவர் வீட்டில் ஒருவரும் இல்லை. எதில் எது என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும். நீங்கள் இரண்டு நாளைக்கு உம்மா வீட்டுக்குப் போய்விட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. பெருஞ்சீரகம் எங்கே, மஞ்சள் எங்கே என்று மணிக்கொரு தடவை தொலைபேசி வரும்.

நம் வீடுகளில் சேர்ந்து கிடக்கும் போட்டோக்கள், கலியாண வீடியோக்கள், கிராஅத், பயான், கஸீதா ஒலிப்பதிவுகள் எல்லாம் இதே நிலையில்தான் இருக்கின்றன. பொருள் அலுமாரியிலோ கைத்தொலைபேசியிலோ பத்திரமாக இருக்கிறது. அது இன்னது என்ற செய்தி மட்டும் யாரோ ஒருவருடைய மனதில் இருக்கிறது. போட்டோவில் நடுவில் நிற்கும் பெண் யார் என்பது மூத்தம்மாவுக்குத்தான் தெரியும். அவருடைய காலத்துக்குப் பின்னர் அந்தப் பெண் பெயரில்லாத ஒருவராகி விடுவார்.

மனதில் இருக்கும் பெயரை இறக்கி எழுதி, தேடும்போது எடுத்துத் தருவதற்கென்றே கணனி மென்பொருள்கள் உண்டு. 30 ஆண்டுகளுக்கும் மேலாக இவை ஆக்கப்பட்டு வருகின்றன. ஆக்கியவர்கள் பட்ட பாட்டையும், அவர்களை நம்பிப் பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு நேர்ந்ததையும் அறிந்துகொண்டால், நம் வீட்டுப் போட்டோக்களை எதனிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுப்பது இலகுவாகும். ஆகவே இம்மாதம் ஓர் இறுவட்டின் கதையிலிருந்து தொடங்குவோம்.

சீடி என்று நாம் அழைக்கும் ஒலி இறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. சோனி, பிலிப்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அதை உருவாக்கின. ஒரு வட்டில் ஏறக்குறைய 74 நிமிட ஒலியைத் துல்லியமாகப் பதியும் வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால், கேட்டால் நம்பமாட்டீர்கள், அந்த வட்டுக்குள் பாட்டின் பெயரை எழுத இடம் வைக்கவில்லை. பெயரெல்லாம் அட்டையில் அச்சாகியிருக்கிறதே, வட்டுக்குள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும். பெயரையும் வட்டில் பதியும் ஒரு முறை 1996இல் வந்தது. எனினும் பெரும்பாலான வட்டுகள் அதைப் பயன்படுத்தவேயில்லை.

கணனியில் இறுவட்டைப் போட்டுக் கேட்கும் பழக்கம் வந்தபோது இந்தக் குறை தெரிந்தது. திரையில் 'முதலாவது பாட்டு, இரண்டாவது பாட்டு' என்று எண்கள்தாம் வரும். என்ன பாட்டு, யார் பாடியது என்பது கணனிக்குத் தெரியாது.

1993ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டி கான் என்ற மென்பொருள் எழுத்தாளர் ஒருவர் எக்ஸ்எம்சிடி என்ற பெயரில் ஒரு சிறு மென்பொருளை எழுதினார். வட்டைப் பாடவைப்பதுதான் அதன் வேலை. அதனுடன் ஒரு பதிவேட்டையும் அவர் சேர்த்தார். ஒருமுறை நீங்கள் பாட்டுகளின் பெயரைத் தட்டெழுதிவிட்டால், அடுத்த முறை அதே வட்டைப் போடும்போது பெயர்கள் தாமாகவே திரையில் வரும்.

பெயரில்லாத வட்டை அது எப்படி அடையாளம் கண்டது? இங்கேதான் கெட்டித்தனம் இருக்கிறது. ஒவ்வொரு வட்டின் உள்விளிம்பிலும் ஒரு சிறு அட்டவணை உண்டு. எத்தனை பாட்டுகள், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும் அதில் இருக்கும். ஒரு செக்கனை 75 துண்டுகளாகப் பிரித்து அந்தக் கணக்கை வைத்திருப்பார்கள். இரண்டு வட்டுகளில் பாட்டுகள் இதே இதே நேரத்தில் தொடங்குவது அரிது. ஆகவே அந்த நேரங்களையே வட்டின் கைரேகையாகக் கொள்ளலாம் என்று அவர் கண்டார். மாடிப்படியில் வருவது நானாவா தம்பியா என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? அதே யுக்திதான்.

கணக்கும் பெரிய கணக்கல்ல. ஒரு பாட்டு 125ஆவது செக்கனில் தொடங்கினால் ஒன்றையும் இரண்டையும் ஐந்தையும் கூட்டி எட்டு என்று வைத்துக்கொள்வார்கள். இப்படியே எல்லாப் பாட்டுக்கும் கூட்டி, மொத்தத்தை 255ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். அதனுடன் வட்டின் மொத்த நேரத்தையும் பாட்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தால் எட்டு எழுத்துக்கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்கென்பதால் சிலவேளை இரண்டு வெவ்வேறு வட்டுகளுக்கு ஒரே அடையாளம் வந்துவிடும். அப்போது மென்பொருள், 'இதுவா அதுவா, நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கும்.

பாவித்தவர்கள் தாங்கள் எழுதிய பெயர்களை டி கானுக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார்கள். அவர் அவற்றைச் சேர்த்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். பின்னர் ஸ்டீவ் ஷேர்ப் என்பவரும் சேர்ந்து, எந்த நாட்டிலிருந்தும் இணையம் வழியாகக் கேட்டுப் பெறக்கூடிய பொதுப் பதிவேடாக அதை ஆக்கினார்கள். அதற்குச் சீடிடிபி என்று பெயர். யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் ஒரு வட்டுக்குப் பெயர் எழுதிவைத்தால், அதே வட்டை வேறொரு நாட்டில் போடுபவருக்குப் பெயர் உடனே கிடைக்கும். எழுதியவருக்குக் கூலி கிடையாது, அவருடைய பெயரும் வெளியே தெரியாது. வேலை முடிந்து வந்து இரவில் விழித்திருந்து தம் வீட்டு வட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதியவர்கள் ஏராளம். ஓர் ஊரே கூடிப் பொதுக்கிணறு வெட்டிய மாதிரி என்று சொல்லலாம்.

அந்தக் கிணற்றுக்குப் பிறகு என்ன நடந்தது?

1998இல் அந்தப் பதிவேடு எசியன்ட் என்ற கம்பனிக்கு விற்கப்பட்டது. 2000இல் அதன் பெயர் கிரேஸ்நோட் என்று மாறியது. 2001இல், தங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மென்பொருள்கள் மட்டுமே இனிப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று கதவை அடைத்தார்கள். தங்கள் கையால் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். நாங்கள் சும்மா எழுதிக் கொடுத்ததை எங்களுக்கே விலைக்கு விற்பதா என்பது அவர்களுடைய கேள்வி. 2008இல் சோனி நிறுவனம் கிரேஸ்நோட்டை ஏறக்குறைய 260 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பின்னர் அது வேறு கைகளுக்கும் மாறியது.

மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். நாளொன்றுக்கு இலட்சக்கணக்கானோர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கணனிகளுக்கு மின்சாரச் செலவு உண்டு, பராமரிப்புச் செலவு உண்டு. அதை ஓரிருவர் தம் கைக்காசில் என்றும் நடத்திக்கொண்டிருக்க முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் செலவுக்கு வழி தேடுவது வேறு, ஊரார் வெட்டிய கிணற்றுக்குப் பூட்டுப் போடுவது வேறு. எழுதிக் கொடுக்கும் நாளிலேயே, 'இது யாருக்குச் சொந்தம், நாளைக்கு நான் திருப்பிக் கேட்டால் தருவீர்களா' என்று ஒருவரும் கேட்டு வைக்காததுதான் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே தொடங்கிய முயற்சிகளும் உண்டு. பூட்டுப் போடுவதற்கு முன்னர் பொதுவில் விடப்பட்டிருந்த பழைய பதிவுகளை வைத்து, ஜேர்மனியில் சிலர் பிரீடிபி என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். அதை 2006இல் மஜிக்ஸ் என்ற கம்பனி பொறுப்பேற்றது, 2020இல் அது மூடப்பட்டது. மறுபடியும் அதே கதையா என்று நினைப்பீர்கள். இல்லை. பதிவேடு முழுவதையும் விரும்பியவர் எவரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதியாக இருந்தது. ஆகவே கடை மூடியபோதும் சரக்கு அழியவில்லை. பிரதி வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் அதைத் தொடர்ந்தார்கள்.

இன்னொருவர் ரொபர்ட் கே. அவர் 2000ஆம் ஆண்டளவில் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பதிவேட்டைத் தொடங்கினார். 2004இல் அதற்கென இலாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பதிவேட்டின் அடிப்படைச் செய்திகள் எவருடைய சொத்துமல்ல, உலகத்தாருக்குப் பொது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். பிபிசி போன்ற பெரிய நிறுவனங்களும் அதை எடுத்துப் பயன்படுத்தின. முக்கியமான திருத்தங்களை ஒருவர் செய்தால், ஒரு வாரம் வரை மற்றவர்களின் வாக்குக்கு வைக்கிறார்கள். பிழையென்றால் தள்ளுபடி. எழுத்துப்பிழைகள் மலிந்திருந்த பழைய பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் ஏற்படுத்திய ஒழுங்கு அது.

இனி நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு விடயத்துக்கு வருவோம். பெட்டியைச் செய்பவர் தம் வீட்டுப் பொருளை அளந்துதான் பெட்டி செய்வார். நம் பொருள் அதற்குள் அடங்குமா?

பழைய சீடிடிபி பதிவேட்டில் 11 பிரிவுகள் இருந்தன. ரொக், ஜாஸ், புளூஸ், ரெகே, மேற்கத்திய சாஸ்திரிய இசை, நாட்டுப்புற இசை என்று போகும் அந்தப் பட்டியலில் கிராஅத்துக்கு இடமில்லை. ஒருவர் குர்ஆன் ஓதல் வட்டைப் பதிய வேண்டுமானால், 'இதர' என்ற மூலைக்குள் தள்ள வேண்டும். பாடகர் பெயர், அல்பம் பெயர், பாட்டுப் பெயர் என்பனவே முக்கியமான கட்டங்கள். காரியைப் பாடகர் என்று எழுதுவதா? சூராவைப் பாட்டு என்று எழுதுவதா? கட்டத்தை நிரப்பாவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. மனம் ஒப்பாமல் எழுதியவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

எண்ணிக்கையிலும் இடிக்கிறது. ஒலி இறுவட்டொன்றில் 99 பகுதிகளுக்கு மேல் பதிய முடியாது என்பது அதன் விதி. சூராக்களோ 114. அதுவும் நிதானமாக ஓதினால் சூரா பகரா ஒன்றே ஒரு வட்டுக்குள் அடங்காமல் அடுத்த வட்டுக்குப் போய்விடும். ஆக, ஒரே சூரா இரண்டு வட்டுகளில் இரண்டு துண்டாக நிற்கும். மென்பொருள் அதை இரண்டு தனித்தனிப் பாட்டுகள் என்றே எண்ணிக்கொள்ளும்.

எம்பி3 கோப்புகள் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது, வேறொன்று முளைத்தது. வாகனத்து ரேடியோவில் பென் டிரைவைச் செருகிக் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெயரின் அகர வரிசையில் அடுக்கும் இயந்திரம் சூராக்களைத் தாறுமாறாக ஓதவைக்கும். எண் போட்டாலும், பழைய இயந்திரங்கள் ஒன்றுக்கு அடுத்ததாகப் பத்தையும் நூறையும் எடுத்துவிட்டுத்தான் இரண்டுக்கு வரும். எழுத்தாக அடுக்கும்போது நடப்பது அது. அதனால்தான் ஓதல் கோப்புகளை 001, 002 என்று மூன்று இலக்கமாக எண்ணிட்டு 114 வரை கொண்டுபோகிறார்கள். உங்கள் வீட்டுக் கோப்புகளுக்கும் இப்படியே எண் போடுங்கள், ஒழுங்கு கலையாது.

மியூசிக்பிரெய்ன்ஸ்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆழமாகச் சிந்தித்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஒலிக்கப்படும் விடயம் ஒன்று, அதை ஒருவர் ஒரு வேளையில் ஒலித்துப் பதிந்தது ஒன்று, அந்தப் பதிவு வெளியான வட்டு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்தார்கள். ஒரே சூராவை ஒரே காரி வெவ்வேறு காலத்தில் ஓதிய பதிவுகளை இம்முறையில் பிரித்துச் சொல்லலாம். ஒரே பதிவு மூன்று வட்டுகளில் வந்திருந்தால் அது ஒன்றே என்றும் சொல்லலாம்.

பெயர் விடயத்திலும் அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நாகூர் ஹனிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனிபா, ஹனீபா, ஹனிஃபா என்று தமிழிலேயே பலவிதமாக எழுதுகிறோம். முன்னால் 'இ.எம்.' என்ற முதலெழுத்துகள் சிலவேளை வரும், சிலவேளை வராது. ஆங்கில எழுத்தில் எழுதப் போனால் வடிவங்கள் இன்னும் பெருகும். கணனிக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள்! ஒரே மனிதரின் ஒலிப்பதிவுகள் ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கும். எகிப்தின் காரி அப்துல் பாஸித் அப்துஸ் ஸமதுக்கும் இதே கதிதான். அதுவும் மேல்நாட்டு மென்பொருள் சில, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று எண்ணி அவரை 'ஸமத்' என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். மியூசிக்பிரெய்ன்ஸில் ஒவ்வொரு மனிதருக்கும் 36 எழுத்துக்கொண்ட ஓர் அடையாளம் கொடுத்து, எல்லா எழுத்து வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாக அதன் கீழ் சேர்த்துவிட்டார்கள். எந்த வடிவத்தில் தேடினாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேரலாம். எங்கள் வீடுகளில் ஒரே பிள்ளைக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு வடிவம், வீட்டில் ஒரு செல்லப்பெயர் இருக்கிறதே, அதே மாதிரிதான்.

அடுத்ததாக, எழுதிய பெயர் எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

ஒரு பெயரை இரண்டு இடத்தில் எழுதலாம். மென்பொருளின் சொந்தப் பதிவேட்டில் எழுதலாம், அல்லது அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதலாம். டின்னில் என்ன இருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பதற்கும், டின்னிலேயே எழுதி ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. கொப்பி தொலைந்தால் எல்லாம் போச்சு. ஒட்டிய பெயர் டின் போகுமிடமெல்லாம் கூடவே போகும்.

எம்பி3 கோப்புக்குள் பெயரை ஒட்டும் முறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஏற்படுத்தினார். கோப்பின் கடைசி 128 இடங்களை இதற்கென ஒதுக்கினார். தலைப்புக்கு 30 இடம், பாடியவருக்கு 30, அல்பத்துக்கு 30, குறிப்புக்கு 30, ஆண்டுக்கு நான்கு என்று பங்கிட்டார். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு போதும். தமிழுக்கு? இன்று கணனிகள் பொதுவாகப் பயன்படுத்தும் முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம் வேண்டும். காலும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் வரும். 'நாகூர் ஹனீபா' என்று எழுத 34 இடம் தேவை. அதாவது மனிதரின் பெயரே பெட்டிக்குள் அடங்காது. 1998இல் வந்த அடுத்த முறையில் இந்த நெருக்கடி நீங்கியது. அதில் இடமும் தாராளம், தமிழ் எழுத்துக்கும் வழி உண்டு.

நம் நாட்டில் இன்னொரு கோலமும் நடந்தது. பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப் பழகியவர்கள் ஏராளம். அதில் எழுதியது கண்ணுக்குத் தமிழ், கணனிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தாம் தெரியும். பல வீடுகளில் அக்காலத்தில் எழுதிவைத்த பெயர்கள் இப்படிக் கிடக்கின்றன. அவை அழிந்துவிட்டன என்று எறிந்துவிடாதீர்கள். பாமினியை யுனிகோட்டாக மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. இனிமேல் எழுதுவதை மட்டும் யுனிகோட்டிலேயே எழுதுங்கள்.

போட்டோக்களில் இந்தப் பதிவேட்டுப் பிரச்சினையால் பட்டவர்கள் அதிகம். கூகிள் 2004இல் வாங்கிய பிக்காசா என்ற மென்பொருளை உங்களில் சிலர் பாவித்திருப்பீர்கள். நல்ல மென்பொருள்தான், இலவசமாகவே கொடுத்தார்கள். முகத்தைக் காட்டி, 'இவர் யார்' என்று கேட்கும். நாமும் உட்கார்ந்து சாச்சி, மாமி, பெரியம்மா என்று ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுப்போம். 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். போட்டோவின் கீழ் எழுதிய வாசகங்கள் அந்தந்தப் போட்டோக் கோப்புக்குள்ளேயே இருந்தபடியால் பெரும்பாலும் தப்பின. அல்பங்களாக அடுக்கிய ஒழுங்கு பிக்காசாவின் சொந்தப் பதிவேட்டில் இருந்தது. வேறு மென்பொருளுக்கு மாறியவர்களில் பலர் அதை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. போட்டோ போகவில்லை, நாட்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை போனது.

ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகைப் பார்க்க முன்னர் ஒரு சிறு பரீட்சை வையுங்கள். பத்தே பத்துப் போட்டோக்களை அதில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பின்னர் அந்தக் கோப்புகளை வேறொரு கணனிக்குக் கொண்டுபோய் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுதிய பெயர் கூட வந்திருக்கிறதா? வந்திருந்தால் நம்பி மீதியையும் ஒப்படைக்கலாம். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில், பெயரைப் போட்டோக் கோப்புக்குள்ளேயே எழுது என்று ஒரு தெரிவு உண்டு. முகங்களை அடையாளம் காணும் வேலையையும் அது உங்கள் கணனியிலேயே செய்கிறது, வெளியே எங்கும் அனுப்புவதில்லை. வீட்டுப் பெண்களின் படங்கள் யாரோ ஒருவருடைய கணனிக்குப் போய் அங்கே முகம் முகமாகப் பிரிக்கப்படுவதை விரும்பாதவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம். மின்னூல்கள் சேர்ப்பவர்களுக்குக் காலிபர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006இல் கோவிட் கோயல் தொடங்கியது. ஒவ்வொரு நூலுக்கும் தனி உறை வைத்து, நூலின் விபரத்தை எழுத்தாக அந்த உறைக்குள்ளேயே அது வைத்துவிடுகிறது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமற் போனாலும் உறையைத் திறந்து நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசிப் போட்டோவில் எடுத்த திகதியும் நேரமும் கோப்புக்குள் தாமாகவே பதிவாகும். இந்த ஏற்பாடு 1995இல் ஜப்பானில் உருவானது. ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தச் செய்தி நீக்கப்பட்டுவிடும். சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ மகன் அனுப்பும் பேரப்பிள்ளையின் போட்டோவில் இருப்பது அது உங்களுக்கு வந்து சேர்ந்த திகதிதான், எடுத்த திகதி அல்ல. பிறந்த நாளில் எடுத்த போட்டோவை மூன்று மாதம் கழித்து அனுப்பினால், பதிவேட்டில் பிள்ளை மூன்று மாதம் பிந்திப் பிறக்கும்! 'டொக்கியூமன்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது போட்டோவின் தரமும் குறையாது, திகதியும் அழியாது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் எழுதுங்கள், பிறகு மாதம், பிறகு நிகழ்ச்சி, பிறகு ஆட்கள். அப்படி எழுதினால் எந்த மென்பொருளும் இல்லாமலே காலவரிசையில் அடுங்கிக்கொள்ளும். 'உம்மா' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு உம்மா, உங்கள் மகளுக்கு உம்மம்மா, பேத்திக்கு யாரென்றே விளங்காது. முழுப்பெயரையும் எழுதுங்கள்.

பழைய கடதாசிப் போட்டோக்களை ஸ்கேன் செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாளின் திகதிதான் விழும். 1974இல் எடுத்த போட்டோ இந்த வருடத்துப் போட்டோவாக நிற்கும். மென்பொருளில் திகதியைத் திருத்துங்கள். சரியான ஆண்டு தெரியாவிட்டால், 'மூத்த மகன் பிறந்த பிறகு, காத்தான்குடிக்குப் போக முன்னர்' என்று தெரிந்ததைக் குறிப்பாக எழுதுங்கள், அதுவும் பின்னர் உதவும். போட்டோவைத் திருப்பி அதன் முதுகையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை அங்கே இருக்கலாம், வாப்பாவின் கையெழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கலாம். இரண்டு கோப்புக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, ஒன்றில் 'முன்', மற்றதில் 'பின்' என்று சேர்த்துவிடுங்கள்.